நன்னன் மலையின் நாதமும் ஓர் ஆனந்தக் குற்றமும்

ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தை ஒட்டிக் கீழிறங்கும் செய்யாற்றைச் சேயாறு என்று பெயர் சொல்லிப் பாடிய பழம் பாட்டு ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. செங்கண்மா என்று அந்நாளில் வழங்கிய செங்கத்திலிருந்து பல்குன்றக் கோட்டத்தை ஆண்ட வேள் நன்னன் சேய் நன்னனை இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்தப் பாட்டு, மலைபடுகடாம் என்ற பெயரோடு பத்துப்பாட்டின் கடைசியில் நிற்கிறது. பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு நன்னனிடம் போகும் வழியைச் சொல்வதாக அமைந்த அதன் அடிகள் 583. பத்துப்பாட்டிலுள்ள ஐந்து ஆற்றுப்படைகளில் அதுவே நெடியது. அப்பாட்டின் தகுதியைக் குறித்துப் பழைய ரசிகர்களிடையே ஒரு வழக்கு எழுந்தது. அவ்வழக்கில் வாதியும் பிரதிவாதியும் பாட்டின் மெய்யான துணிச்சலைப் பேசாமலே விட்டுவிட்டார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அத்துணிச்சல் இன்னதென்பதை முதலில் சொல்ல வேண்டும். பாட்டு வாத்தியங்களோடு தொடங்குகிறது. வாரால் இறுக்கிய முழவு, சிறுபறையாகிய ஆகுளி, வெண்கலத் தாளம், மயிற்பீலி சூட்டிய கொம்பு, யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் தூம்பு, குழல், எல்லரி, பதலை என்று ஒரு மேளமே அங்கே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றைச் சுமந்த பைகள் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல் இருந்தன என்கிறார் புலவர். ஜவ்வாது மலையின் பலாவைக் கண்டவர்கள் இந்த உவமையின் பொருத்தத்தை உடனே உணர்வார்கள். இத்தனை கருவிகளையும் காட்டிய பிறகு கச்சேரி எங்கே என்று எதிர்பார்க்கும் வாசகனுக்கு, பாட்டின் நடுவிடத்தில், மனிதர் வாசிக்கும் கச்சேரிக்குப் பதிலாக மலை எழுப்பும் கோஷம் கிடைக்கிறது.

அருவியின் முழக்கம் அதில் உண்டு. அது எந்தக் கவியும் எழுதக்கூடியது. ஆனால் முள்ளம்பன்றியின் முள் தைத்து அழும் கானவனின் ஓலமும், புலி பாய்ந்து கிழித்த கணவன் மார்பிலுள்ள புண் ஆறுவதற்காகக் கொடிச்சி பாடும் பாட்டும், பாறைப் பிளவில் குட்டியைத் தவறவிட்ட மந்தி தன் கிளையோடு கூடி எழுப்பும் கதறலும், புனத்தில் தட்டையைப் புடைத்துக் கிளி ஓட்டும் பெண்களின் கூச்சலும், காட்டுக் காளையோடு ஊர்க் காளை மோதும் போரும், ஆலையில் கரும்பு நெரியும் சத்தமும், தினை குற்றுகிறவர்களின் வள்ளைப் பாட்டும், மஞ்சட் கொல்லையில் பன்றியை விரட்டும் பறையும், யானையைப் பழக்குகிற பாகர் கலந்து பேசும் அயல்மொழியும், இவை யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத்தாழ இருபது ஓசைகளாக அடுக்கப்பட்டு, மலையென்னும் யானைக்கு இவ்வோசையே மதம் என்று முடிகின்றன. வேதனையும் வேலையும் விளையாட்டும் ஒரே சுருதியில் சேர்ந்து ஒலிக்கின்றன. எது பாட்டு, எது இரைச்சல் என்று புலவர் பிரித்துக் காட்டவில்லை. பிரிக்க மறுத்ததே அவருடைய கலை. ஜவ்வாது மலையில் மலையாளி மக்கள் இன்றும் சாமை விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். ஆகவே இந்த ஓசைகளெல்லாம் ஏட்டிலிருந்து எடுத்துக் கோத்தவை என்று அம்மலையை அறிந்த எவரும் சொல்லத் துணியமாட்டார்.

இனி வழக்குக்கு வருவோம். ஆளவந்த பிள்ளையாசிரியர் என்பவர் இப்பாட்டின்மேல் ஓர் ஆக்ஷேபம் எழுப்பினார். காந்தட் பூவுக்குத் தீயை உவமை சொன்ன இடத்தில் ‘தீ’ என்னும் சொல் நன்னனுடைய பெயரைச் சார்ந்துவிட்டது. மங்கலப் பெயரோடு அமங்கலச் சொல் அடுத்தால் அது ஆனந்தக் குற்றம். அதன் பயனாகப் பாடினவரும் பாடப்பட்டவரும் இறந்தார்கள் என்பது அவர் கட்சி. இதை எடுத்துச் சொல்லி மறுத்தவர் உச்சிமேற் புலவர் கொள் நச்சினார்க்கினியர். இது அறியாமையால் எழுந்த குறை என்று தள்ளிவிட்டு அவர் கூறிய சமாதானமாவது: இக்குற்றம் இருந்திருந்தால் கௌசிகனார் நல்லிசைப் புலவராகமாட்டார், சங்கத்தார் இப்பாட்டை மற்றப் பாட்டுகளோடு கோவாமல் நீக்கியிருப்பார்கள், நீக்காமல் கோத்தமையால் குற்றம் இல்லை. 1889ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றியதால் இந்த வாதப் பிரதிவாதம் முழுதும் நம் கைக்கு வந்தது.

ஒருவர் சாஸ்திரத்தை அளவுகோலாக நீட்டுகிறார். மற்றவர் சபையின் அங்கீகாரத்தைக் கேடயமாகப் பிடிக்கிறார். இத்தனைக்கும் நச்சினார்க்கினியர் அந்த ஓசைகள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பொருள் விரித்தவர். பாட்டின் பக்கம் பேச வேண்டிய வேளையில் அவற்றில் ஒன்றையாவது சாட்சியாக அழைத்திருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு எப்போதும் உண்டு.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. 1913 மே 29ஆம் நாள் பாரிஸ் நகரில் ஸ்டிராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ அரங்கேறியபோது சபையோரின் கூச்சல் வாத்தியங்களை அமுக்கிற்று. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற பாடகர் வெளியிட்ட ‘டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா’ என்னும் ராக் இசைத்தட்டை, ஒவ்வொரு வாத்தியமும் வெவ்வேறு தாளத்தில் நடப்பதுபோல் தோன்றுவதால், சங்கீதமே அன்று என்று ஒதுக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரிய விமரிசகர்கள் புகழ்ந்துவிட்டார்கள், ஆகையால் பெரியது என்று அதற்குப் பரிந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் வாத்தியக்காரர்கள் ஒரே வீட்டில் மாதக்கணக்காகத் தங்கி, தற்செயலாக விழுந்ததுபோல் ஒலிக்கும் ஸ்வரங்களையெல்லாம் மனனம் செய்து, வாத்தியப் பகுதியின் பெரும்பாகத்தை ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் பதிவு செய்தார்கள் என்ற செய்தி, இரண்டு கட்சியாருடைய பேச்சிலும் போதிய இடம் பெறுவதில்லை. இரைச்சல்போல் கேட்பது ஒழுங்கான வேலைப்பாடு என்பதைக் காட்டுவதற்குச் சபையின் தீர்ப்பு வேண்டியதில்லை; காது கொடுத்துக் கேட்டு, இன்ன இடத்தில் இன்ன ஓசை ஏன் நின்றது என்று சொன்னால் போதும். கொடிச்சியின் புண்ணாற்றும் பாட்டுக்கு முன்னால் கானவனின் அழுகை ஏன் வந்தது என்று யாரேனும் அன்று கேட்டிருந்தால், ஆனந்தக் குற்றம் என்னும் பேச்சே அற்பமாகியிருக்கும்.

நல்ல வேளையாக, உரையாசிரியர்கள் விட்டதைக் கல்லில் எழுதியவர் விடவில்லை. செங்கத்துச் சிவன் கோயிலிலுள்ள கல்வெட்டுப் பாடல் ஒன்று அவ்வூர் மலையைக் குறிப்பிடுகையில், நல்ல இசையுடைய ‘கடாம்’ புனைந்த நன்னனுடைய வெற்பு என்று இப்பாட்டின் பெயரையே மலைக்கு அடைமொழியாக்குகிறது. நன்னனுடைய கொடையை, வெற்றியை, ஊரின் வளத்தைச் சொல்லி மலையை அடையாளம் காட்டியிருக்கலாம். எழுதியவருக்கு முதலில் நினைவு வந்தது அந்த நாதம்.