எந்த எஞ்சின் வாங்குவது? எங்கள் கடலில் ஒரு பழைய கேள்வி



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஈலிங் வீதியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது நண்பர் ஒருவர் தம் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். நண்பர் திருகோணமலைக்காரர். மகன் வெம்பிளியில் பிறந்து வளர்ந்தவர். நிலாவெளியில் படகு ஒன்று வாங்கி, வெளிநாட்டுச் சுழியோடிகளைப் புறாத்தீவுக்கு ஏற்றி இறக்கும் தொழில் தொடங்கப் போகிறாராம். அதற்குத் தகப்பன் இங்குள்ள வீட்டின் மேல் கடன் எடுத்துக் கொடுக்கப் போகிறார். "அங்கிள், உள்ளுக்குள்ள டீசல் எஞ்சின் ஒண்டு பூட்டுறதா, இல்லாட்டி பின்னுக்குப் பெற்றோல் எஞ்சின் ரெண்டு கொழுவுறதா? கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் பையன்.

நான் கணக்காளன், இயந்திரவியலாளன் அல்லன். ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. இதே கேள்வியை எங்கள் கடற்கரைகளில் எழுபது ஆண்டுகளாக யார் யாரோ கேட்டு, யார் யாரோ பதில் சொல்லி, அதன் செலவை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இம்மாத உரையில் சொன்னேன். கேட்கத் தவறியவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறேன்.

சுழியோடிகளை ஏற்றிச் செல்லும் தொழில் எங்களுக்குப் புதிதல்ல. மன்னார்ப் பக்கத்தில் சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி என்ற இடங்களில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் அதைத்தான் செய்தன. நள்ளிரவு கழிந்து கரைக்காற்று எழும்பும்போது பாய் விரித்துப் புறப்படுவார்கள். விடிந்ததும் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். நண்பகலில் கடற்காற்று திரும்பியதும் அதே காற்றில் கரைக்கு வருவார்கள். போக ஒரு காற்று, வர ஒரு காற்று, இரண்டுக்கும் காசு இல்லை. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன, அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய் வருமானம். கொண்டுவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மீதி ஒரு பங்கு குளிகாரருக்கு. அந்த ஒரு பங்கிலிருந்துதான் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் கொடுக்க வேண்டும். சுறாவைக் கட்டும் மந்திரக்காரர், அதாவது கடல்கட்டி, ஒருவருக்கும் அக்காலத்தில் கூலி உண்டு. கணக்காளன் கண்ணுக்கு அது காப்புறுதிக் கட்டணம்! இலங்கையில் கடைசி முத்துக்குளிப்பு 1925இல் நடந்தது.

காற்று இலவசம் என்றேன். ஆனால் அது நினைத்த நேரத்தில் வராது, நினைத்த திசைக்கும் வராது. அதனால்தான் எஞ்சின் என்ற ஒன்றைக் கண்டதும் எல்லோருக்கும் ஆசை வந்தது.

உலகில் சிறு படகுக்கு இரண்டு வழியில் எஞ்சின் வந்தது. ஒன்று ருடோல்ஃப் டீசல் என்ற ஜேர்மானியர் கண்டுபிடித்தது. பாவம் அந்த மனிதர், 1913 செப்டெம்பரில் அன்ட்வேர்ப்பிலிருந்து எங்கள் ஹார்விச் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் இரவு ஏறியவர், காலையில் அறையில் இல்லை. பிறகு கடலில் சடலமாகத்தான் கண்டார்கள். அவர் பெயரிலான எஞ்சின் கனமானது, விலை கூடியது, ஆனால் எண்ணெய் குறைவாகக் குடிக்கும், நீண்ட காலம் உழைக்கும். படகின் வயிற்றுக்குள் பூட்டி, தண்டு ஒன்றை அடிப்பாகத்தால் வெளியே விட்டுப் பின்னால் புரொப்பெல்லர் வைக்க வேண்டும். மற்றது அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்ற நோர்வேக்காரர் 1909 முதல் விற்ற, படகின் பின்பக்கத்தில் கொழுவும் எஞ்சின். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து களைத்ததால் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். இது இலேசானது, மலிவு, கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஆனால் பழைய இரண்டடி எஞ்சின்கள், அதே வேலைக்கு டீசலைப்போல ஏறத்தாழ இருமடங்கு எரிபொருள் குடிக்கும்.

இனி எங்கள் கரைக்கு வருவோம். 1952இல் ஐக்கிய நாடுகள் சபை, நோர்வே, இந்தியா மூன்றும் ஒப்பந்தம் செய்து, அடுத்த ஆண்டு கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. முதல் யோசனை மிக எளியது: மீனவரிடம் இருக்கும் வள்ளத்திலேயே எஞ்சினைப் பூட்டிவிடுவது. மரத்தைக் குடைந்து செய்த வள்ளம் எஞ்சினின் அதிர்வைத் தாங்கவில்லை. மணலில் இழுத்து ஏற்றும் வள்ளத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டும் புரொப்பெல்லரும் பெரிய தொல்லை. கடைசியில் எஞ்சினுக்கு ஏற்ற புதிய படகைக் கட்டினார்கள், அந்தப் படகுக்கு ஏற்ற துறைமுகம் தேவைப்பட்டது, துறைமுகம் வந்ததும் இறாலுக்கு இழுவை வலை வந்தது. ஒரு எஞ்சின் வாங்கப் போய் ஒரு கடற்கரையையே மாற்றிவிட்டார்கள். மணலில் ஏறும் படகுக்கும் டீசல் பூட்ட முடியும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வங்காள விரிகுடாத் திட்டத்தார் சென்னையிலிருந்து காட்டினார்கள். எஞ்சினையும் தண்டையும் சேர்த்து மேலே தூக்கக்கூடியதாக அமைத்தார்கள்.

இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் 28 அடிப் படகுகள் வந்தன. எங்கள் பக்கத்தில் "மூன்றரைத் தொன் போட்" என்றால் வயதானவர்களுக்குத் தெரியும். உள்ளே டீசல் எஞ்சின். அரசாங்கம் தவணைக் கடனில் கொடுத்தது. 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் அமைந்தது. எனக்கு நெருக்கமானது அடுத்த கதை. 1956இல் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்த யாழ்ப்பாணத்தவர் அன்ரனி ராஜேந்திரம். நோர்வேயில் இவர்தான் முதல் தமிழர் என்பார்கள். அவருடைய முயற்சியாலும், அங்கிருந்த மதுவிலக்கு இயக்கத்தாரின் பணத்தாலும், ஆர்னே ஃபியோர்டொஃப்ட் போன்றவர்களின் உழைப்பாலும் 1967இல் காரைநகரில் சீநோர் தொடங்கியது. நோர்வேயில் இன்று இத்தனை தமிழர் இருப்பதற்கு முதல் விதை அங்கேதான் விழுந்தது. நான் காரைநகரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தப் படகுத்துறைப் பக்கம் போனால் பைபர் கிளாஸ் பசையின் நெடி மூக்கில் ஏறும். மரத்தைவிட இலேசான அந்தப் படகு வந்ததும், சிறிய எஞ்சினே போதும் என்ற நிலையும் வந்தது. பின்னால் கொழுவும் எஞ்சின் எங்கள் பக்கத்தில் இத்தனை பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டப்படிப்புக் காலத்தில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கு எழுதப் போனேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பேரேடு முழுக்கப் படகுக் கடன். நிலுவைப் பகுதியில் சிவப்பு மையில் எழுதியிருந்தவர்களைப் பார்த்து, "இவர்கள் குடித்து அழித்தவர்கள்" என்று செயலாளர் எனக்கு விளக்கம் சொன்னார். நான் தவணை தவறிய மாதங்களையும், பக்கத்தில் இருந்த திருத்த வேலைப் புத்தகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். பாதிப் பேரின் கதை ஒன்றுதான்: எஞ்சினில் ஒரு பாகம் போய்விட்டது, அது கொழும்பில் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். உதவி செய்த ஒவ்வொரு நாட்டோடும் ஒவ்வொரு எஞ்சின் வந்திருந்தது, ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது. படகு இரண்டு மாதம் மணலில் கிடக்கும், தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். அந்த மீனவர்களில் ஒருவரும் தம் எஞ்சினைத் தாமே தெரிவு செய்தவர் அல்லர்.

பின்னால் கொழுவும் எஞ்சினை அவர்கள் தாமே தெரிவு செய்தார்கள். காரணம் மண்ணெண்ணெய். அடுப்புக்கும் விளக்குக்கும் என்று அரசாங்கம் மானியம் கொடுத்து மலிவாக விற்ற எண்ணெய் அது. ஜப்பானியக் கம்பனிகள், பெற்றோலில் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சின்களைச் செய்து தந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1990இல் போர் மீண்டும் தொடங்கி எரிபொருள் தடை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு, உதைத்துக் கிளப்பி, மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள்தானே! கடலில் அதற்கு முன்பே அது வழக்கமாயிருந்தது. அதே தடைக் காலத்தில் வடக்கில் கடலுக்குப் போகவும் கட்டுப்பாடு, எஞ்சினின் குதிரை வலுவுக்கும் கட்டுப்பாடு. எந்த எஞ்சின் என்ற கேள்விக்கு அப்போது கடற்படை பதில் சொன்னது.

போர் முடிந்தது, கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிறகு 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது. ஒரு படகுக்கு நாளுக்கு 20 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 1,740 ரூபாய், மறுநாள் 6,800 ரூபாய். பிடிக்கிற மீனுக்கு அந்த விலை ஏறவில்லை. மண்ணெண்ணெய் பின்னர் இறங்கினாலும் 87க்குத் திரும்பவில்லை. மலிவான எண்ணெயை நம்பி எஞ்சின் வாங்கியவர்களிடம் இப்போது அந்த எஞ்சின்தான் இருக்கிறது, அந்த விலை இல்லை. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் "மானியத்தை நிரந்தர வருமானமாகக் கணக்கிடுதல்". முதலாம் ஆண்டு மாணவன் செய்தால் புள்ளி குறைப்போம். ஆனால் அன்றாடம் கடலுக்குப் போகும் மனிதனிடம் வேறு என்ன வழி இருந்தது?

திருகோணமலையில் சுழியோடிப் படகின் கதையும் சிறிது உண்டு. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்தது கடலுக்கடியில் இறங்குவதற்காகத்தான். அவரும் நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலை அடியில், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலுக்குள் கண்டார்கள். 1961இல் வில்சன் தென்கிழக்கே பெரிய பாசுப் பாறையருகே ஔரங்கசீப் காலத்து வெள்ளிக் காசுகளைக் கண்டெடுத்தார். 1963இல் "ரன் முத்து" என்ற சிறு படகில் திரும்பிப் போய் மீதியைத் தேடினார்கள். அந்தப் பாறையடியில் ஆண்டில் சில வாரங்கள்தான் கடல் அடங்கியிருக்கும். பிற்காலத்தில் கிளார்க் ஹிக்கடுவயில் சுழியோடி நிலையம் நடத்தினார், அதை 2004 ஆழிப்பேரலை அழித்தது. நேயர்கள் கவனிக்க வேண்டியது பருவத்தை. ஹிக்கடுவையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, நிலாவெளியில் மே முதல் செப்டெம்பர் வரை. ஐந்தாறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாத வட்டி கட்ட வேண்டும்.

இவ்வளவும் பையனுக்குச் சொன்னேன். பிறகு இருவரும் ஒரு தாளில் எழுதினோம். டீசலுக்குச் சாதகமாக: எரிபொருள் குறைவு, பெற்றோல் ஆவி படகின் அடியில் தங்கித் தீப்பிடிக்கும் பயம் இல்லை, உழைக்கும் காலம் அதிகம். ஆனால் நிலாவெளியில் இறங்குதுறை இல்லை, மணல்தான். புறாத்தீவைச் சுற்றி முருகைக்கற்கள், அவை 2003 முதல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அடியில் தண்டு நீட்டிய படகு அங்கே முருகையையும் கெடுக்கும், தானும் கெடும். பின்னால் கொழுவும் எஞ்சினைத் தூக்கிவிடலாம். இரண்டு இருந்தால் ஒன்று நின்றாலும் நீரோட்டத்தில் மிதக்கும் சுழியோடியை மற்றதால் போய் ஏற்றலாம். இந்த ஒன்றுக்காகவே நான் இரண்டு என்றேன். வாடைக்காற்றுப் பருவம் வந்தால் கழற்றி லொறியில் ஏற்றி மேற்குக் கரைக்கும் கொண்டுபோகலாம். அங்கே படகு வாடகைக்கு எடுக்கலாம், எஞ்சின் நம்முடையது. சுழியோடி மேலே வரும்போது புரொப்பெல்லர் சுழலவே கூடாது என்பதும், காற்று நிரப்பும் இயந்திரத்தின் உறிஞ்சும் குழாய் எஞ்சின் புகைப் பக்கம் இருக்கவே கூடாது என்பதும் எந்த எஞ்சினுக்கும் பொது. அந்தப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட் சிலிண்டருக்குள் போனால் கீழே இருப்பவருக்கு ஆபத்து.

எந்தக் கம்பனி என்று கேட்டார். அதை வெம்பிளியில் இருந்து முடிவு செய்ய வேண்டாம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட முதல் ஒரு மாதம் அங்கே போய் நில் தம்பி என்றேன். போனார். மூன்றாம் கிழமை தொலைபேசியில் பேசினார். லண்டனில் அவர் ஆசைப்பட்டிருந்த எஞ்சினின் படத்தை நிலாவெளியில் எஞ்சின் திருத்தும் ஐயா ஒருவரிடம் காட்டினாராம். ஐயா படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "வடிவாய்த்தான் இருக்கு" என்று சொல்லி, தன் கொட்டிலின் பின்பக்கத்தைக் காட்டினாராம். அங்கே பழைய எஞ்சின்கள் பத்துப் பன்னிரண்டு கழற்றிப் போட்டபடி கிடந்தன, எல்லாம் ஒரே கம்பனி. "இது பழுதாப் போனா உதில இருந்து கழட்டிப் பூட்டுவன். நீர் கொண்டு வாறது பழுதாப் போனா எதில இருந்து கழட்டுறது?"

நண்பர் வீட்டின் மேல் எடுக்க இருந்த கடனை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறார். பையன் இரண்டு எஞ்சின்களையும் ஐயாவின் கம்பனியிலேயே வாங்குகிறார், ஒன்று புதிது, மற்றது ஐயா திருத்திக் கொடுக்கும் பழையது. படகு மே மாதம் இறங்குகிறது.