நம்பர் வீட்டை விட்டு வெளியே வந்த கதை

வீடு மாறின முதல் நாள் ராத்திரியை யோசிச்சுப் பாருங்க. மிக்ஸி அட்டைப்பெட்டியிலயே கிடக்கும், கேஸ் கனெக்‌ஷன் வந்திருக்காது. ஆனா போன்ல ஹாட்ஸ்பாட் ஆன் ஆகியிருக்கும். பிராட்பேண்ட்காரர் வர்ற வரைக்கும் ஆபீஸ் மீட்டிங், படம், வீட்டு ஓனருக்கு அட்வான்ஸ் அனுப்புறது எல்லாமே அந்த ஒரு சிம்லதான். இது நமக்கு ரொம்ப சாதாரணம். ஆனா இது சாதாரணமாகி பத்து வருஷம்தான் ஆகுது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

1991ல இந்தியாவோட மக்கள்தொகை சுமார் 84 கோடி. மொத்த தொலைபேசி இணைப்புகள் சுமார் 50 லட்சம்தான். போனுக்கு எழுதிப் போட்டுட்டு வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. போன் இல்லாதவங்க பக்கத்து வீட்டு நம்பரைக் குடுத்து, அது பக்கத்துல 'பி.பி.'னு எழுதுவாங்க. பழைய கல்யாணப் பத்திரிகை வீட்ல இருந்தா எடுத்துப் பாருங்க.

அந்தக் காலத்துல நம்பர் மனுஷனுக்குச் சொந்தம் இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்க வீட்டுச் சுவர் வரைக்கும் ஒரு ஜோடிச் செம்புக் கம்பி வரும். அந்தக் கம்பி எக்ஸ்சேஞ்சில எங்கே போய் முடியுதோ, அந்த இடத்தோட பேர்தான் உங்க நம்பர். அதனால வேற எக்ஸ்சேஞ்ச் பகுதிக்கு வீடு மாறினா நம்பரும் மாறிடும். ஷிஃப்டிங்குக்கு விண்ணப்பம் எழுதிக் குடுத்துட்டு, புது வீட்டுக்கு லைன் வர்ற வரைக்கும் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தே கதின்னு இருக்கணும்.

1995ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். நாட்டோட முதல் மொபைல் அழைப்பு அதுதான். சரியா பதினஞ்சு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் குடுக்க ஆரம்பிச்சது. அண்ணன் தம்பி மாதிரி பிறந்த இந்த ரெண்டும் ஒண்ணு சேரப் பல வருஷம் ஆச்சு. ஏன்னா இன்டர்நெட் வந்தது டயல்-அப் வழியா, அதாவது அதே லேண்ட்லைன் கம்பி வழியா. மறுபடியும் சுவர்தான்.

சரி, மொபைலாவது சுதந்திரமா இருந்துச்சா? இல்லை. நாட்டை வட்டம் வட்டமா பிரிச்சு லைசென்ஸ் குடுத்திருந்தாங்க. சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு தனி வட்டம். சென்னை சிம்மோட மதுரைக்குப் போனா ரோமிங்! 2003 வரைக்கும் உள்ளூர்ல இன்கமிங் காலுக்கே காசு. நம்பரை மாத்தாம கம்பெனி மட்டும் மாத்தலாம்ங்கற வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில. அதுவும் அதே வட்டத்துக்குள்ள மட்டும். சென்னையிலிருந்து டெல்லிக்குக் குடி போறவங்க நம்பரையும் கையோட கொண்டு போகலாம்னு ஆனது 2015 ஜூலையிலதான்.

அடுத்தது டேட்டா. ஆண்ட்ராய்டு போன்ல ஹாட்ஸ்பாட் வசதி 2010லயே வந்துடுச்சு. ஆனா நம்ம ஊர்ல 3ஜி பேக் 1 ஜிபிக்கே 250 ரூபாய் பக்கம் ஆகும், அதை மாசம் முழுக்க ஓட்டணும். அதுல எங்கே ஹாட்ஸ்பாட் போடுறது? வீடு மாறினவங்க டாங்கிள் வாங்கினாங்க, இல்லைன்னா பிரவுசிங் சென்டருக்குப் போனாங்க. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்புறம் விலைப் போட்டி ஆரம்பிச்சு, ஒரு மாசத்துக்கு வெச்சிருந்த டேட்டா ஒரு நாள் கணக்காச்சு. ஒரு போன் ஒரு வீட்டையே தாங்கும்னு ஆனது அப்போதான்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். நமக்கு ஹாட்ஸ்பாட் ரெண்டு வாரத்து ஏற்பாடு. ஆனா இந்தியாவுல 100 இன்டர்நெட் இணைப்புல 95க்கு மேல வயர்லெஸ்தான். பெரும்பாலானவங்களுக்கு அது மட்டும்தான் இன்டர்நெட். 2020 லாக்டவுன்ல ஸ்கூல் போனுக்குள்ள வந்தப்போ, எத்தனையோ வீட்ல அப்பாவோட ஒரே போனை ரெண்டு பிள்ளைங்க மாத்தி மாத்திப் பிடிச்சுப் படிச்சாங்க. கம்பி இன்னும் இடம் மாறாத ஆளைத்தான் எதிர்பார்க்குது. நான் கடைசியா வீடு மாறினப்போ வாடகை ஒப்பந்தம் 11 மாசம். பிராட்பேண்ட்ல தள்ளுபடி வேணும்னா 12 மாசப் பணத்தை முன்னாடியே கட்டணும்னாங்க. மூணு வாரம் ஹாட்ஸ்பாட்லயே ஓட்டினேன்.

அதே மூணு வாரத்துல ஆதார்ல விலாசம் மாத்த உட்கார்ந்தேன். ஆன்லைன்ல மாத்தணும்னா பதிவு செஞ்ச மொபைலுக்கு வர்ற ஓ.டி.பி. வேணும். எங்க அப்பா காலத்துல விலாசச் சான்றுக்கு லேண்ட்லைன் பில்லைக் காட்டுவாங்க. விலாசம் இருந்தாத்தான் நம்பர் கிடைக்கும். இப்போ நம்பர் இருந்தாத்தான் விலாசத்தையே மாத்த முடியுது. தலைகீழா ஆயிடுச்சு.

சுவரை விட்டு வெளியே வந்த நம்பர், இப்போ நம்மளோட நிரந்தர விலாசமாவே ஆயிடுச்சு. ஆனா அந்த விலாசம் ரீசார்ஜை நம்பித்தான் நிக்குது. பேலன்ஸும் இல்லாம, எந்தப் பயன்பாடும் இல்லாம 90 நாள் கிடந்தா கம்பெனி இணைப்பைத் துண்டிக்கலாம். அப்புறம் அதே நம்பர் வேற ஒருத்தர் கைக்குப் போகலாம். வேலை தேடி ஊர் ஊரா போறவங்களுக்கு, கையில காசில்லாத மூணு மாசம்ங்கறது அபூர்வம் இல்லை. ஒரு சிம் போச்சுன்னா பேங்க் கணக்கு, ஆதார், ஊர்ல இருக்கறவங்களோட தொடர்பு எல்லாத்துக்கும் சிக்கல்.

அதனால வீடு மாறப் போறீங்கன்னா, லாரிக்குச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. பேங்க்லயும் ஆதார்லயும் எந்த நம்பர் இருக்குன்னு பார்த்து, அந்த சிம்மை உயிரோட வெச்சுக்கோங்க. அப்படியே ஊர்ல இருக்கற அம்மா, அப்பா நம்பருக்கும் ஒரு ரீசார்ஜ் போட்டுவிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.