கம்பியில்லா ஒலிபெருக்கி தடுமாறுகிறதா? பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வீடுகளில் பயன்படுத்தப்படும் கம்பியில்லா ஒலிபெருக்கிகளில் ஒலி விட்டுவிட்டு வருவது, இணைப்பு துண்டிக்கப்படுவது, தொலைக்காட்சியின் காட்சிக்குப் பின்னால் ஒலி வருவது ஆகியவை அடிக்கடி எழும் குறைகளாகும். இவற்றில் பல, கருவி பழுதடைவதால் ஏற்படுபவை அல்ல. ஒலியைச் சுமந்து வரும் ரேடியோ அலைகளுக்கு நேரும் இடையூறே காரணமாக இருக்கும். எனவே, பழுதுபார்க்கவோ புதியது வாங்கவோ பணம் செலவிடும் முன், கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சரிபார்ப்பது நன்று.

கருவியிலா, இணைப்பிலா?

ஒலிபெருக்கியில் கம்பி இணைப்புக்கான வசதி இருந்தால், அதன் வழியே பாடல் ஒன்றை ஒலிக்கச் செய்ய வேண்டும். அப்போது ஒலி தெளிவாக இருந்தால் கோளாறு கம்பியில்லா இணைப்பில் உள்ளது. கம்பியை மாற்றிப் பார்த்தும் இரைச்சல் தொடர்ந்தால் கருவியையே சோதிக்க வேண்டும். கம்பி வசதி இல்லாதவற்றில், கைப்பேசியை ஒரு மீட்டர் தொலைவில் வைத்துப் புளூடூத் மூலம் சோதிக்கலாம்.

ஒலி விட்டுவிட்டு வந்தால்

புளூடூத், பெரும்பாலான வைஃபை ரூட்டர்கள், மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. இந்தியாவில் இதற்குத் தனி உரிமம் தேவையில்லை என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்டை வீடுகளின் ரூட்டர்களாலும் நெரிசல் உண்டாகிறது. கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதும் பலன் தரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவர்களை எளிதில் ஊடுருவாது. ஆகவே, தொலைவில் உள்ள அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸே பொருந்தக்கூடும். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன்தொட்டி ஆகியவற்றின் பின்னால் ரூட்டரையோ ஒலிபெருக்கியையோ வைக்கக் கூடாது.

செயலியில் ஒலிபெருக்கி தென்படாவிட்டால்

கைப்பேசியும் ஒலிபெருக்கியும் ஒரே வைஃபை இணைப்பில் இருக்க வேண்டும். கைப்பேசி மொபைல் டேட்டாவிலோ, விருந்தினருக்கான தனி வைஃபையிலோ, விபிஎன் வழியாகவோ இயங்கினால் ஒலிபெருக்கி தென்படாமல் போகலாம். வைஃபை கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் ஒலிபெருக்கியிலும் புதியதைப் பதிய வேண்டும். புளூடூத்தில், வீட்டிலுள்ள வேறொரு கைப்பேசி முன்னரே இணைந்திருக்கிறதா என்று பார்த்து, பழைய இணைப்பை நீக்கி மீண்டும் இணைக்கலாம்.

மின்தடைக்குப் பின்

மின்சாரம் திரும்பும்போது ரூட்டருக்கு முன்பே ஒலிபெருக்கி இயங்கத் தொடங்கி, இணைப்புக் கிடைக்காமல் நின்றுவிடுவதுண்டு. அனைத்தையும் அணைத்து, முதலில் ரூட்டரையும், சில நிமிடங்களுக்குப் பின் முதன்மை ஒலிபெருக்கியையும், இறுதியாக சப்வூஃபர் போன்ற துணைக் கருவிகளையும் இயக்க வேண்டும்.

ஒலி பிந்தினால்

புளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பி மீண்டும் விரிப்பதால், நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தாமதம் ஏற்படலாம். தொலைக்காட்சிக்கும் சவுண்ட்பாருக்கும் இடையே எச்டிஎம்ஐ கம்பியைப் பயன்படுத்துவதே இதற்கு எளிய தீர்வு. சில தொலைக்காட்சிகளின் ஒலி அமைப்பிலேயே இதைச் சரிசெய்யும் வசதியும் உண்டு.

கடைசி வழி

மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் அதை முதலில் நிறுவ வேண்டும். அது முடியும் வரை மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் சேமித்த அமைப்புகள் அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், மற்ற முயற்சிகள் பலனளிக்காதபோது மட்டுமே அதனை நாட வேண்டும்.

கருகிய நாற்றம், மிகுந்த சூடு, பேட்டரி வீக்கம் ஆகியவை தென்பட்டால் உடனே மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மீண்டும் சார்ஜ் செய்வது ஆபத்தானது. உத்தரவாதக் காலத்தில் கருவியைத் தாமாகப் பிரித்தால் உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம். விற்பனை ரசீதுடன் அணுகியும் நிறுவனம் குறையைத் தீர்க்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம். பயனற்றுப்போன கருவியைக் குப்பையில் வீசாமல், மின்னணுக் கழிவுச் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும்.