துறைக்குறிப்பு எழுதியவர்கள்

இணையத் தொகுப்புகளில் வாசகர்களே குறிச்சொல் இடும் பழக்கம் 2003-இல் தொடங்கிய டெலிஷியஸ், அடுத்த வருஷம் வந்த பிளிக்கர் ஆகியவற்றால் பரவியது. 2008-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம்கூடத் தன் பழைய புகைப்படங்களைப் பிளிக்கரில் வைத்து, பார்க்கிறவர்களைக் குறிச்சொல் இடச் சொன்னது. இந்தச் சொற்களுக்கு விதி வேண்டுமா என்ற சர்ச்சையைப் புதிதென்று நினைக்கிறார்கள். நமக்கு அது பழசு.

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் உள்ள திணை, துறைக் குறிப்புகள் பாடியவர்கள் எழுதியவை அல்ல; பின்னால் வந்தவர்கள் ஒட்டியவை. ஒட்டியவர்கள் தொல்காப்பியத்துக்குக் கட்டுப்படவில்லை. அதில் தனித்திணையாக இல்லாத கரந்தையும் நொச்சியும் பொதுவியலும் இங்கே வருகின்றன. பொதுவியலைப் பார்க்கும்போது எனக்கு பாங்கின் சஸ்பென்ஸ் கணக்கு ஞாபகம் வரும். எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை அதில் போட்டுவைப்போம். பிறகு தீர்த்தாக வேண்டும். பொதுவியலில் போட்ட கணியன் பூங்குன்றனை யாரும் தீர்க்கவில்லை, நல்லவேளையாக.

அகநானூற்றின் விதி கறாரானது. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை; 2, 8 என முடிந்தால் குறிஞ்சி; 4 முல்லை; 6 மருதம்; பத்தாவதெல்லாம் நெய்தல். கம்ப்யூட்டர்காரர்கள் மெச்சுவார்கள். என் மனம் என்னவோ புறநானூற்றின் இரண்டாம் பாட்டுக் குறிப்பில்தான் நிற்கிறது. துறை செவியறிவுறூஉ என்று சொல்லிவிட்டு, வாழ்த்தியலாகவும் கொள்ளலாம் என்கிறது அது. ஒரு சொல் இன்னொன்றை அழிக்கவில்லை.

நான் வசிக்கும் பொன்மலையையே எடுத்துக்கொள்ளலாம். பொன்மலை, கோல்டன் ராக், ஜி.ஓ.சி. மூன்றும் ஒரே இடம். இவற்றை ஒன்றாக இணைக்க விதி அவசியம். இல்லாவிட்டால் 1753 யுத்தத்தைத் தேடுகிறவனும் ரயில்வே பட்டறையைத் தேடுகிறவனும் வேறுவேறு ஊர்களில் அலைவார்கள். எழுத்துக்கூட்டல்கூட எளிதல்ல. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவை ஒரே ஆணையில் மாற்றி, சில நாட்களிலேயே வாபஸ் வாங்கிக்கொண்டது.

ஆனால் 1946 செப்டம்பர் 5? ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது இங்கே போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒருவர் ‘கலவரம்’ என்று குறிப்பார், ஒருவர் ‘துப்பாக்கிச் சூடு’ என்பார், சங்கத்துக்காரர் ‘தியாகிகள்’ என்பார். அதிகம் பேர் இட்ட சொல்லே நிலைக்கட்டும் என்ற விதி நடுநிலை போலத் தெரியும். அது செய்வது தீர்ப்பு. பொன்மலையும் ஜி.ஓ.சி.யும் ஒரே பொருளின் இரு பெயர்கள். கலவரமும் தியாகிகளும் அப்படி அல்ல.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பில் இடத்துக்கும் காலத்துக்கும் தனித்தனி முகங்கள் உண்டு. அந்த இரண்டையும் கண்டிப்பாக ஒழுங்கு செய்யலாம். மற்றச் சொற்களை இட்டவர் பெயரோடும் தேதியோடும் அருகருகே விட்டுவைக்க வேண்டும் என்பது என் கட்சி. புறநானூற்றுக்குத் துறை எழுதியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை; அவர்களோடு வாதாட ஆளில்லாமல் இருக்கிறோம்.