முந்திரி முதல் முக்கால் வரை

1823இல் பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ.டி. கேம்பெல், தம் ஜில்லாவின் நாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சென்னை அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும், எழுதப் பழகச் செலவு குறைந்த முறையையும் மனமாரப் பாராட்டினார். மனப்பாடத்தை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. பொருள் தெரியாத செய்யுள்களைப் பிள்ளைகள் கிளியைப்போல ஒப்பிக்கிறார்கள் என்று குறைபட்டார். அவர் பார்த்தது பெல்லாரியை. ஆனால் அந்தக் கிளி தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் தலையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது, இன்னும் இறங்கவில்லை. செய்யுள் விஷயத்தில் கேம்பெல் சொன்னதில் நியாயம் உண்டு. கணக்குக்கு அது பொருந்தாது. திண்ணையில் நடந்த கணக்குப் பாடம் மூளைக்கு அன்றாடம் கொடுத்த கசரத்து. படித்ததை வீட்டிலும் களத்திலும் கடையிலும் அன்றன்றே எடுத்துப் புழங்க வேண்டியிருந்ததால்தான் அது பலித்தது.

அன்றைய வாய்பாட்டு நூலான எண்சுவடியைப் புரட்டினால் இது விளங்கும். இன்றைய பிள்ளை முழு எண்களின் வாய்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறது. அன்றைய பிள்ளை பின்னங்களிலும் புகுந்து வந்தாக வேண்டும். 320இல் ஒரு பங்கு முந்திரி. முந்திரியை இரட்டித்தால் அரைக்காணி, அதை இரட்டித்தால் காணி, பிறகு அரைமா, மா, இருமா. இன்னொரு வரிசையில் மாகாணி, அரைக்கால், கால், அரை, முக்கால். முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி என்று ஒன்று உண்டு. அது 1,02,400இல் ஒரு பங்கு. இவற்றோடு நெல்லுக்கு நெல்லிலக்கம், பொன்னுக்குப் பொன்னிலக்கம், நிலப்பரப்புக் காணும் குழிமாத்து. நெல்லளவில் எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆகக் கலத்துக்கு 96 நாழி. களத்தில் ஒருவருக்குக் கலத்துக்கு மாகாணி பங்கு என்றால் பதினாறில் ஒன்று, அதாவது ஆறு நாழி. காகிதமும் பென்சிலும் இல்லாமல், நெல் அளந்து முடிவதற்குள் இந்த விடை வாய்க்கு வர வேண்டும். இது வெறும் ஞாபகத்தால் ஆகிற காரியம் அல்ல. எந்த வாய்பாட்டை எந்த இடத்தில் இறக்குவது என்ற தீர்மானம் நொடியில் நடக்கிறது.

பழகிய விதமும் கவனிக்கத்தக்கது. ஒருவன் முறை சொல்ல, மற்றவர்கள் கூடவே திருப்பிச் சொன்னார்கள். விரல் மணலில் எழுதியது, வாய் உரக்கச் சொன்னது, காது பக்கத்துப் பையனின் பிழையைப் பிடித்தது. இப்படி மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தருவதையும் மணலில் எழுதுவதையும் சென்னையில் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியில் அதைச் செய்துபார்த்தார். 1797இல் அதைப் பற்றி நூல் எழுதினார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது. உ.வே. சாமிநாதையர் இன்னொரு சின்ன வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது ஆளுக்கொரு பூவின் பெயர், பறவையின் பெயர், ஊரின் பெயர் என்று உபாத்தியாயர் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஞாபகசக்திக்காகவே வைத்த பயிற்சி அது. ராத்திரித் தூக்கத்தைத் தாண்டி ஒரு சொல்லைக் காலைக்குக் கொண்டுசேர்ப்பது என்ற இந்த ஏற்பாட்டில் பைசாச் செலவு கிடையாது.

‘வாய்பாடு ஒப்பித்தவனுக்குக் கணக்குப் போடத் தெரிந்ததா?’ என்று கேட்கலாம். காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இதற்குப் பதில். நிலம், நெல், பொன், கூலி என்று நடைமுறைக் கணக்குகளைத் தீர்க்கும் விதிகள் கணக்கதிகாரத்தில் இருக்கின்றன. பலாப்பழத்தை அறுக்காமலே காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணிச் சுளையைக் கணிக்கும் வேடிக்கைக் கணக்கும் இருக்கிறது. (பலாப்பழம் அந்த விதிக்குக் கட்டுப்படுமா என்பது வேறு விஷயம்.) திண்ணைப் பள்ளிக் கணக்கை ஆராய்ந்து 2022இல் நூலாக வெளியிட்ட செந்தில்பாபு, அங்கே நினைவு என்பது கற்றலுக்கு எதிரி அல்ல, கற்கும் வழியே அதுதான் என்று வாதிடுகிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது. மனதில் இருப்பு இல்லாதவன் எதைக் கொண்டு யோசிப்பான்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் விஞ்ஞானத்திடமிருந்து வருகிறது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. சிலருக்கு நினைவுப் பயிற்சி, சிலருக்குத் தர்க்கப் பயிற்சி, சிலருக்கு வேகப் பயிற்சி. எதில் பயின்றார்களோ அதில் தேறினார்கள். ஒன்றின் பலன் மற்றொன்றுக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியானால் மாகாணி வாய்பாடு படித்தவன் மாகாணியில்தான் கெட்டிக்காரன் ஆவான், பொதுவாகப் புத்தி கூர்மையாகும் என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திண்ணையில் யாரும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. கணக்குப்பிள்ளைக்கும் கடைக்காரருக்கும் குடியானவருக்கும் தேவைப்பட்டது மாகாணிதான். கற்ற திறமையைச் சாகும்வரை தினமும் கையாள வாழ்க்கையில் இடம் இருந்தது. செல்போனில் கட்டம் நிரப்பும் விளையாட்டுக்கு அந்த வசதி இல்லை. கட்டம் நிரப்புவதில் தேறியவர் அந்தத் தேர்ச்சியை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பார்? பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரையுள்ள 1,260 பேரிடம் நடந்த ஆய்வு, 2015இல் வெளியானது, வேறொன்றைக் காட்டியது: சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது பொதுவான அறிவுத்திறனிலேயே முன்னேற்றம் தெரிந்தது. இதை வைத்துத் திண்ணையைப் பின்லாந்துக்கு முன்னோடி என்று மார்தட்ட வேண்டியதில்லை. மூளையைத் தனியே கழற்றிப் பழக்க முடியாது என்பதுவரை சொன்னால் போதும்.

மற்றொரு ஆட்சேபத்துக்கு என்னிடம் மறுப்பே இல்லை. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டு எடுத்த கணக்கின்படி, சுமார் 1 கோடியே 28 லட்சம் பேர் இருந்த சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அந்தக் காலத்துக்குச் சின்ன விஷயம் அல்ல. ஆனால் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் கிடையாது. கோல் பிடித்து நிலம் அளந்தவர்களும் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர்களும் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் உட்காராதவர்கள்; அவர்களுக்கும் மனக்கணக்கு இருந்தது, அதை யாரும் சுவடியில் ஏற்றவில்லை. பிரம்படியும் கொடுமைதான். பிந்தி வந்த வரிசைப்படி பிள்ளைகளுக்கு அடி கூடிக்கொண்டே போனதைக் கேம்பெலே எழுதியிருக்கிறார். பிரம்பு இல்லாவிட்டால் மனப்பாடம் ஏறியிராது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஏறியதற்குக் காரணம் தாளமும் கூட்டமும் தேவையும்.

தேவை போனதும் வாய்பாடும் போயிற்று. மாகாணி வாய்பாடு தெரிந்தவருக்கு ரூபாயில் மாகாணி ஓர் அணா. 1957 ஏப்ரல் 1 அன்று பதினாறு அணா ரூபாய் நூறு நயா பைசா ஆனது. அதே ஓர் அணா ஆறேகால் நயா பைசாவாகி அழகு கெட்டது. அடுத்துப் படியும் மரக்காலும் விலகி லிட்டரும் கிலோவும் வந்தன. தசம முறை எளிது, நல்லது. முந்திரியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது வீண் பேச்சு. ஆனால் கூட்டல் இன்னும் வழக்கொழியவில்லை. மளிகைக் கடையில் பில் கைக்கு வருவதற்கு முன் தொகையை மனதில் கூட்டிவிடுங்கள். பிள்ளை பக்கத்தில் நின்றால் அதையும் கூட்டச் சொல்லுங்கள், பிரம்பு இல்லாமல்.