ஒரு கதவுக்கு ஒரு பிளெட்

கொம்பனித்தெருவிலோ வனாத்தமுல்லையிலோ ஒரு நண்பரின் முகவரியைக் கேட்டுப் பாருங்கள். இலக்கத்துக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, அதற்குப் பின்னால் இன்னொரு இலக்கம். துறைமுகமும் களஞ்சியங்களும் பெருத்த காலத்தில், வேலை தேடி வந்தவர்களுக்காக நிலச் சொந்தக்காரர்கள் ஒரே வளவுக்குள் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டதன் அடையாளம் அது. எல்லாருக்கும் ஒரு பைப், பொதுக் கக்கூஸ். இதைத்தான் 'தோட்டம்' என்கிறார்கள். செடி கொடியைத் தேட வேண்டாம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர் என்று எல்லாரும் சுவருக்குச் சுவர் ஒட்டி இருந்தது ஏதோ இலட்சியத்துக்காக இல்லை. வாடகை கட்டுப்படியானது, அவ்வளவுதான்.

1972 வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. அடுத்த வருடம், பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது, ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கே உச்சவரம்பு வந்தது. மேலதிக வீடுகள் அரசுக்குப் போயின. குடியிருந்தவர்கள் சொந்தமாக்கிக்கொள்ள வழி பிறந்தது. ஆனால் வாடகைக்கென்று புதிதாக வீடு கட்ட ஆட்கள் பின்வாங்கினார்கள். சட்டத்தைப் புகழ்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுவார்கள், திட்டுபவர்கள் மற்றப் பாதியை.

எங்களுக்குப் பிடித்த கட்டம் 1984 இல் பிரேமதாச தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். அரசு தானே கட்டிக் கொடுப்பதைக் குறைத்து, சின்னக் கடன் கொடுத்துச் சனங்களையே கட்டவிட்டது. தோட்டத்து ஆட்களும் அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து, பாதை எவ்வளவு அகலம், யாருடைய எல்லை எங்கே என்று பேசித் தீர்த்தார்கள். வழமையான கட்டட விதியைத் தளர்த்தி, இரண்டு பேர்ச் துண்டுக்குக்கூட அனுமதி கிடைத்தது. குறை என்னவென்றால், பலருக்குக் கையில் வந்தது அட்டைதான், உறுதி இல்லை.

அந்த இடைவெளி பிறகு வினையானது. போர் முடிந்ததும் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. நகரத்தில் வசதி குறைந்த குடியிருப்புகளில் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட சுமார் 68,000 குடும்பங்களை மாடிகளுக்கு ஏற்றி, அந்த நிலத்தை விடுவிப்பதுதான் கணக்கு. அவர்கள் இருந்ததோ நகர நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதி ஊரை அவ்வளவு இடத்தில் வைத்திருந்தது யாருடைய குற்றம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பல இடங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு பிளெட். உள்ளே மூன்று குடும்பம் இருந்தாலும் கதவு ஒன்றுதானே! அதற்கும் இருபது வருடத் தவணை. முன்பு பிள்ளை கலியாணம் முடித்தால் மேலே ஒரு தட்டு எழுப்பலாம். பன்னிரண்டாம் மாடியில் எங்கே எழுப்புவது?

எங்களில் ஒருத்தியின் வீட்டுக்கதை இதுதான். தெமட்டகொடையில் அம்மம்மா பெயருக்கு ஒரு பிளெட் கிடைத்தது. அதே வீட்டில் இருந்த பெரியம்மா குடும்பம் வத்தளையில் வாடகைக்குப் போனது. அம்மம்மா விடியற்காலை இடியப்பம் அவித்து வாசலில் வைத்து விற்பவர். இப்போது வாசல் ஒன்பதாம் மாடியில் இருக்கிறது. லிப்ட் வேலை செய்யும் நாட்களில் மட்டும் அவிக்கிறார்.