இயங்குதளம் எழுத எந்த மொழி?

அக்காவுக்கு பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் இப்போது என் கையில். ஆன் செய்தால் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். இரண்டாவதை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதே இல்லை. போன மாதம் சும்மா உள்ளே போய்ப் பார்த்தேன். சென்னை சி-டாக்கில் உருவாக்கி 2007-ல் வெளியிட்டார்களாம். "அப்போ இதை எந்த மொழியில எழுதியிருப்பாங்க?" என்று ஒரு சந்தேகம். தேடினால் பாஸுக்கு அடியில் டெபியன், அதற்கும் அடியில் லினக்ஸ் கெர்னல். அந்தக் கெர்னல் சி மொழியில் எழுதியது. பி.காம். சி.ஏ.வில் நம்மைப் படுத்தி எடுக்கிறதே, அதே சி!

சரி, ஏன் சி? பல மொழிகளை வரிசையாக வைத்து ஒன்றைப் பொறுக்கி எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். கதை அப்படி இல்லை.

1960களில் இயங்குதளத்தை பெரும்பாலும் அசெம்பிளியில்தான் எழுதினார்கள். அது அந்தந்த மெஷினுக்கே உரிய மொழி. மெஷினை மாற்றினால் எழுதியதெல்லாம் வீண். (பரோஸ் கம்பெனி அல்கால் வகை மொழியிலும், மல்டிக்ஸ் குழு பிஎல்/1-லும் எழுதிப் பார்த்தார்கள். அவை விதிவிலக்குகள்.) மல்டிக்ஸ் வேலையிலிருந்து 1969-ல் பெல் லேப்ஸ் விலகியது. அதே வருடம் அங்கிருந்த கென் தாம்ப்சன், பிடிபி-7 என்ற சின்ன மெஷினில் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதினார். அதுவும் அசெம்பிளிதான்.

அவரிடம் பி என்று ஒரு மொழியும் இருந்தது. அதில் எல்லா மதிப்புக்கும் ஒரே அளவுக் கட்டம்தான். புதிதாக வந்த பிடிபி-11 மெஷினோ எழுத்துக்குச் சின்னக் கட்டம், எண்ணுக்குப் பெரிய கட்டம் என்று பிரித்து வேலை செய்வது. பி அதற்குப் பொருந்தவில்லை. டென்னிஸ் ரிட்சி பி-யைத் திருத்தத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து சி ஆனது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 1972-ல் தாம்ப்சன் யூனிக்ஸ் கெர்னலை சி-யில் எழுத முயன்று, முடியாமல் விட்டுவிட்டார். அப்போது சி-யில் ஸ்ட்ரக்சர் கிடையாது. காமர்ஸ்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பேரேட்டில் ஒரு வரி என்றால் தேதி, விவரம், பற்று, வரவு எல்லாம் சேர்ந்து ஒன்று. தேதிக்கு ஒரு நோட்டு, தொகைக்கு ஒரு நோட்டு என்று தனித்தனியாக வைத்துக் கடை நடத்த முடியுமா? கெர்னலும் ஒரு கணக்குப்பிள்ளைதான். ஓடுகிற ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் எண் என்ன, மெமரியில் எங்கே இருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். அந்த வரியை எழுத மொழியில் வழி இல்லை. ஸ்ட்ரக்சர் வந்தபின், 1973 கோடையில் கெர்னலை சி-யில் எழுதி முடித்தார்கள். அதாவது மொழியைத் தேர்ந்தெடுக்கவில்லை, வேலை கேட்கக் கேட்க மொழியை மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

இதன் லாபம் பிறகு தெரிந்தது. 1977-ல் ஆஸ்திரேலியாவின் உலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் யூனிக்ஸை வேறு கம்பெனியின் இன்டர்டேட்டா மெஷினுக்குக் கொண்டுபோனார். நம்மூர் ஆட்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை போட்டார்கள். ஊர் வேறு, நாணயம் வேறு. ஆனால் கணக்கு எழுதும் முறையைக் கையோடு கொண்டுபோனார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அது மாதிரி. 1991-ல் லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸும் சி-யையே பிடித்துக்கொண்டார்.

சி-யில் ஒரு பெரிய வில்லங்கமும் உண்டு. அதை நானே லேபில் அனுபவித்தேன். ஐந்து மார்க்குக்கு இடம் வைத்துவிட்டு ஆறாவதை எழுதினேன். எர்ரர் எதுவும் வரவில்லை, மொத்தம் மட்டும் கன்னாபின்னா என்று வந்தது. பக்கத்துக் கணக்கில் கை வைத்தாலும் சி கேட்காது. எனக்கு அரைமணி நேரம் போனது, அவ்வளவுதான். இதே தப்பு கெர்னலில் நடந்தால் திருடனுக்குக் கதவு திறந்த மாதிரி. தாங்கள் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இந்த மாதிரி மெமரித் தப்புகள்தான் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது.

அதனால்தான் ரஸ்ட் வந்தபோது அத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள். 2015-ல் அதன் 1.0 வெளியானது. கணக்கில் இப்படிப்பட்ட தப்பு தெரிந்தால் கடையைத் திறக்கவே விடாத ஆடிட்டர் மாதிரி அதன் கம்பைலர். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-ல் ரஸ்டுக்கும் இடம் கொடுத்தார்கள். பழைய சி-யைத் தூக்கிப் போடவில்லை. புதிதாக எழுதும் டிரைவர்களில் கொஞ்சம் கொஞ்சமாக ரஸ்ட் நுழைகிறது. கோடிக்கணக்கான வரிகளை யார் உட்கார்ந்து மாற்றி எழுதுவது?

அக்கா லேப்டாப்பில் இருப்பது அதற்கெல்லாம் முந்தைய கெர்னல். அடுத்த வாரம் லேபில் ஸ்ட்ரக்சர் ப்ரோக்ராம். ஐந்து வரியில் ஒரு சின்னப் பேரேடு போடலாம் என்றிருக்கிறேன், ஆறாவது வரியைத் தொடாமல் :)